இடது மூலை

தை 5, சனி

கொள்ளிடத்துப் பழைய பாலம் ஆவணி வெள்ளத்தில் உட்கார்ந்துபோன வருஷம். ஐப்பசி கடைசி நாள் விடிவதற்குள் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளை எல்லாம் தூக்கிப் போட்ட வருஷம். மார்கழியில் பிளாஸ்டிக் பையை ஒழித்துவிட்டார்கள் என்று, தூக்குவாளி இல்லாமல் வந்தவர்களைக் கறிக்கடைக்காரர் விரட்டிவிட்ட வருஷம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷத்தை நம்பராகச் சொன்னால் மனதில் நிற்காது. இப்படிச் சொன்னால் நிற்கும்.

எழுதுகிறவள் என் மருமகள் வளர்மதி. பால்வாடியில் டீச்சர். "நாள் பூரா வாயத் தொறக்க மாட்டேங்குறீங்க மாமா. வெளக்கு வச்சதும் பத்து வரி சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள்.

என்னத்தைச் சொல்ல என்றேன்.

"கபடி சொல்லுங்க. அதான உங்களுக்கு வரும்."

சரி. என் பெயர் காத்தமுத்து. மாவட்டக் கபடி அணிக்கு இருபது வருஷத்துக்கு மேலாக மேனேஜர், கோச், தண்ணீர் வாளி தூக்குகிறவன் எல்லாம் நான்தான். போன வருஷம் மாநிலப் போட்டியில் இறுதி ஆட்டம் வரைக்கும் போனோம். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அது புயலுக்கு முன்னால்.

இன்று புது அணிக்கு ஆள் எடுத்தோம். பன்னிரண்டு பேர். கேப்டன் சாகுல், அதிராம்பட்டினத்துப் பையன், பாம்பு மாதிரி வளைந்து திரும்பும் ரெய்டர். இடது மூலைக்கு மட்டும் ஆள் சொல்லவில்லை. போன வருஷம் வரை அங்கே நின்றவன் என் மகன் இளஞ்செழியன். கார்த்திகை ஒன்பதில் தவறிப்போனான். தோப்பில், புயலில் சாய்ந்த மரத்தை அறுக்கும்போது. யார் மேலும் குற்றம் இல்லை.

வளர்மதி நிறுத்தாமல் எழுதினாள். அவளுக்குக் கணவன்.

தை 8, செவ்வாய்

பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து கிடந்த புங்கமரத்தை இன்றுதான் இழுத்து ஓரமாகப் போட்டார்கள். கோடு போட்டுப் பயிற்சி ஆரம்பித்தாயிற்று.

"தெரியாதவங்களுக்கும் புரியணும்ல" என்று வளர்மதி கேட்பதால் சொல்கிறேன். ஏழு பேர் வளைவாக நிற்பார்கள். எதிரணியிலிருந்து ஒருவன், ரெய்டர், மூச்சை விடாமல் கபடி பாடிக்கொண்டு உள்ளே வருவான். யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வளைவின் இரண்டு நுனியிலும் நிற்பவர்கள் மூலைக்காரர்கள். குனிந்து கணுக்காலைப் பிடிப்பது அவர்கள் வேலை. மூலைக்காரன் பிடித்தால் மற்ற ஆறு பேரும் மேலே விழுந்து அமுக்குவார்கள். அவன் பிடிக்காவிட்டால் ஆறு பேருக்கும் வேடிக்கைதான் மிச்சம்.

எங்கள் அணியில் இடது மூலைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கே நிற்பவன் கணுக்காலில் சிவப்புப் பட்டி கட்டியிருப்பான். விலகும் நாளில் தன் காலிலிருந்து அவிழ்த்து, அடுத்தவன் காலில் தன் கையாலேயே கட்டிவிட வேண்டும். துணி நைந்தால் அதன் மேல் இன்னொரு துணியை வைத்துத் தைத்துக்கொள்வது. முதல் பட்டி மே தினக் கொடியில் கிழித்தது என்று ஒரு பேச்சு உண்டு. கட்சிக்காரர்கள் காதில் விழாமல்தான் சொல்வார்கள். கட்டிவிடாமல் அந்த மூலையில் நிலைத்து நின்றவன் எங்கள் அணியில் கிடையாது.

பயிற்சி முடிந்ததும் கபடிச் சங்கச் செயலாளர் தங்கப்பன் சார் வந்தார். பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"லெஃப்ட் கார்னர் யாருண்ணே?"

"பாக்கலாம்."

"பாக்க என்ன இருக்கு? செழியனுக்கு அடுத்து அவன்தான. ரெண்டு வருசமா பெஞ்சுல உக்காந்து செழியன் காலையே பாத்துக்கிட்டுக் கெடந்தவன்."

"பட்டி கட்டிவிட ஆள் இல்லையே சார்."

"நீங்களும் ஒரு காலத்துல மூலைக்காரர்தானண்ணே. நீங்க கட்டிவிடுங்க."

"முட்டி. குனிய முடியல."

அவர் என் முட்டியைப் பார்த்தார். பிறகு புங்கமரத்தைப் பார்த்தார். போய்விட்டார்.

தை 9, புதன்

நேற்று 'அவன்' என்று சொன்ன இடத்தில் பெயரைப் போடவா என்று வளர்மதி கேட்டாள். வேண்டாம் என்றேன். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் என்றால் போதும்.

தை 14, திங்கள்

பயிற்சி. இடது மூலையில் மூன்று பேரை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தேன். யாருக்கும் பொறுமை இல்லை. அவன் தண்ணீர் வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

தை 22, செவ்வாய்

அரசாங்கத்திலிருந்து தென்னங்கன்று வந்தது. காலையிலிருந்து குழி வெட்டி நட்டேன். ஒவ்வொன்றாகக் குனிந்து கன்றை வைத்து, மண் தள்ளி, கையாலேயே அமுக்கிவிட்டு வந்தேன். பொழுது சாய்வதற்குள் மேற்கு வரிசை முழுக்க முடிந்தது. வளர்மதி சோறு கொண்டுவந்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலிக்கலையா மாமா?"

"இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் தங்கப்பன் சாரிடம் முட்டி என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவள் மோரை ஊற்றினாள்.

விழுந்த மரங்கள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. ஒன்று மட்டும் கிடக்கிறது. அதைச் சுற்றிப் போய்த்தான் கன்று நட்டேன்.

அது எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரே தடவை. மரம் வேரோடு பெயர்ந்து சாய்ந்து கிடந்தது. வேரும் மண்ணுமாக அடி ஒரு சுவர் போல நிமிர்ந்து நின்றது. அதற்குப் பின்னால் குழி. குழிக்குள் எங்கள் போர்வெல் தண்ணீர்க் குழாய் சிக்கியிருந்தது. அவன் இந்தப் பக்கம் நின்று மெஷினால் அறுத்தான். மரம் அறுக்கும் மெஷின் அவனுடையது. செழியன் குழாயை எடுக்கக் குழிக்குள் இறங்கியது அவன் கண்ணுக்குத் தெரியாது. மெஷின் சத்தத்தில் நாங்கள் கத்தியதும் காதில் விழாது. தண்டு அறுபட்டதும் பாரம் விட்டுப்போய், வேர்ச்சுவர் கதவு சாத்துவது போல மறுபடி குழிக்குள் உட்கார்ந்தது. அவ்வளவுதான். யார் மேலும் குற்றம் இல்லை என்று போலீசிலும் சொன்னேன்.

அந்த மெஷினை அவன்தான் அணைத்தான். அந்தச் சத்தம் நின்றது ஞாபகம் இருக்கிறது.

மாசி 5, ஞாயிறு

முதல் போட்டி. ஒரு பஞ்சாயத்துத் தலைவரின் நினைவுக் கோப்பை. பேனரில் அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். பக்கத்து மாவட்டத்திடம் தோற்றோம். கொஞ்சம் வித்தியாசம் இல்லை, நிறைய.

இடது மூலையில் கல்லூரிப் பையன் ஒருவனை நிறுத்தியிருந்தேன். பாடி வந்தவர்கள் எல்லோரும் நேரே அங்கேயே போனார்கள். ஒருவன் பார்த்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். கூட்டத்திலிருந்து கத்தினார்கள்.

"டேய் அந்தப் பக்கமே போடா, அங்கதான் டோல்கேட் இல்ல!"

"பெருசு, லெஃப்ட்ல யாரு நிக்கிறா, பூசாரியா? தொட்டுக் கும்புட்டுட்டுப் போறானுங்க!"

எனக்குக்கூடச் சிரிப்பு வர வேண்டியது. வரவில்லை. பாதி ஆட்டத்தில் அந்தப் பையனை எடுத்துவிட்டு வேறொருவனை இறக்கினேன். அந்த இரண்டாவது ஆளையும் எடுத்தேன். அவன் வாளி பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்தான்.

மாசி 6, திங்கள்

கரண்டுக் கம்பம் மறுபடி நட்டார்கள். ஃபேன் ஓடுகிறது.

மாசி 19, ஞாயிறு

இரண்டாவது போட்டி. முதல் ஆட்டத்திலேயே வெளியே. திரும்பி வரும் வேனில் பாட்டுப் போடு என்று டிரைவரிடம் ஒருவன் சொன்னான். மற்றவர்கள் அவனைப் பார்த்த பார்வையில் அவனே வேண்டாம் என்றுவிட்டான்.

சாகுல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் போயி அஞ்சு பாயிண்டு எடுத்துட்டு வாரேன். நாலு நிமிசத்துல அந்த மூலையில அஞ்சையும் திருப்பிக் குடுத்துர்றோம். ஓட்டப் பானையில தண்ணி மொண்ட கதையா இருக்கு. அவன எறக்குங்கய்யா."

"அவனுக்கு மூச்சு பத்தாது."

"அவனுக்கா? தெனம் காலையில கடற்கரையில மணல்ல ஓடுறான். நான் பாக்குறேன்."

"இடுப்புல புடிப்பு இருக்குன்னு சொன்னான்."

"யார்கிட்ட சொன்னான்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். தலையில்லாத தென்னைகள் வந்துகொண்டே இருந்தன. சாகுல் எழுந்து பின் சீட்டுக்குப் போனான். அவனும் அங்கேதான், பின் சீட்டின் மூலையில் இருந்தான். நாங்கள் பேசியது கேட்டிருக்கும்.

பங்குனி 3, ஞாயிறு

ஒன்று ஜெயித்தோம். எதிரணியில் பாதிப் பேருக்குத் திருவிழா, வராமல் இருந்துவிட்டார்கள். அடுத்ததில் தோற்றோம்.

பங்குனி 10, ஞாயிறு

தங்கப்பன் சார் வீட்டுக்கு வந்தார். வளர்மதி காபி போட்டாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வளைத்துப் பேசினார். சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். வைகாசியில் மாநிலப் போட்டி முடிந்ததும் வேறு மேனேஜரைப் பார்க்கலாம் என்று.

"பாருங்க" என்றேன்.

"அதுக்காக வரலண்ணே." டம்ளரைக் கீழே வைத்தார். "மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்குறாங்க. சம்பளத்தோட வேலை. மாநிலப் போட்டிக்கு ஆள் பாக்க வர்றாங்க. லெஃப்ட் கார்னர்தான் தேடுறாங்களாம்."

"நல்லது."

"வயசு இருபத்தெட்டு தாண்டப் படாது. அவனுக்கு ஆனியில தாண்டுது. இதான் கடைசி. அடுத்த வருசம்னு ஒண்ணு அவனுக்குக் கெடையாதுண்ணே."

அவர் கீழே வைத்த டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"அன்னைக்கப்புறம் அவன் அந்த மெஷினத் தொடவே இல்ல, தெரியுமா? புயலடிச்ச சீசன்ல ஊரு உலகத்துல மெஷின் வச்சிருந்தவனெல்லாம் வீடு கட்டிட்டான். இவன் சித்தாள் வேலைக்குப் போறான்."

"நான் அவன் மேல ஒரு குத்தமும் சொல்லல சார்."

"சொல்லிட்டாக்கூடத் தேவலண்ணே" என்றார்.

அவர் போன பிறகு வளர்மதி டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "சார் சொன்னதையும் எழுதணுமா?"

எழுது என்றேன்.

பங்குனி 11, திங்கள்

பயிற்சிக்குப் போகவில்லை. முட்டி.

சித்திரை 5, வியாழன்

ஓட்டுப் போட்டேன். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைத்தேன். ஒரு விரலில் ஒரு மை, இன்னொரு விரலில் இன்னொரு மை.

வரிசையில் எனக்கு முன்னால் அவனும் அவன் அம்மாவும் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவன் ஒதுங்கினான்.

"நீங்க முன்னாடி போங்க ஐயா."

முன்பெல்லாம் என்னை அப்பா என்பான். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுச் சோறு தின்றவன். செழியனோடு ஒரே தட்டில். கார்த்திகைக்கு அப்புறம் ஐயா.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருக்கீங்கண்ணே? வளர்மதி எப்படி இருக்கு?" என்றாள். பிறகு, கேட்காமலேயே, "அந்த மிசினு கொல்லையில கெடக்கு. கோழி அதுமேல ஏறி அடையுது. தூக்கி எடைக்குப் போட்டுருடான்னாலும் கேக்க மாட்டேங்குறான், எடுத்து ஓட்டுடான்னாலும் கேக்க மாட்டேங்குறான். தூக்கத்துல காலு ரெண்டையும் இழுத்து இழுத்துக்கிறான்" என்றாள்.

"அம்மா, சும்மா இரு" என்றான் அவன்.

நான் முன்னால் போனேன். அவனுக்கு முன்னால் நின்றபடி ஓட்டுப் போடும் அறை வரைக்கும் போனேன். முதுகில் அவன் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. மூச்சுப் பத்தாதவன் மூச்சு இல்லை அது.

சித்திரை 20, வெள்ளி

வெயில். கன்றுகளில் நாலு பட்டுவிட்டன. தண்ணீர் ஊற்றினேன்.

வைகாசி 8, புதன்

நாளைக்கு மாநிலப் போட்டிக்குச் சேலம் கிளம்ப வேண்டும். பைக்குள் வேட்டி, துண்டு, மாத்திரை வைத்தேன்.

வளர்மதி தன் பெட்டியைத் திறந்து பட்டியை எடுத்து வந்தாள். அன்று செழியன் காலில் இருந்தது. தோப்பு வேலைக்கும் கழற்ற மாட்டான். ஆஸ்பத்திரியில் அவிழ்த்துக் கொடுத்தார்கள். அவள் துவைத்திருக்கிறாள். ஓரம் பிரிந்த இடத்தில் தைத்தும் இருக்கிறாள், புது நூல்.

"இத எடுத்துட்டுப் போங்க மாமா."

"எதுக்கு?"

"எம் பொட்டியில கெடந்தா இது துணி. அவ்வளவுதான்."

"நீ அவன..." என்று ஆரம்பித்தேன். 

"எனக்கு அவர நேருக்கு நேரா பாக்க முடியல மாமா. பொய் சொல்ல மாட்டேன். தெருவுல எதுக்க வந்தா அடுத்த சந்துக்குள்ள திரும்பிருவேன். ஆனா அவுக ரெண்டு பேரும் அந்த மூலையப் பத்தி இந்த வீட்டுல உக்காந்து பேசுன பேச்சும் எனக்குத் தெரியும். 'எனக்கப்புறம் நீதான்டா'ன்னு இவுக சொல்லுவாக. 'நீ போயித் தொலஞ்சாதானடா எனக்குக் கெடைக்கும்'னு அவரு சொல்லுவாரு. ரெண்டும் சிரிக்கும்."

இதை எழுதும்போது அவள் கை நின்றது.  பிறகு அவளே எழுதி முடித்தாள்.

பட்டியைப் பையின் அடியில் வைத்தேன்.

வைகாசி 13, திங்கள்

நேற்று இரவு பஸ் ஏறி இன்று காலை வந்து சேர்ந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நாங்கள் கிளம்பிப் போன வியாழக்கிழமை ஓட்டு எண்ணுகிற நாள். பஸ்ஸில் எல்லார் கையிலும் போன், எல்லார் தலையும் கீழே. எனக்கு ஜன்னலோரம்.

சேலத்தில் மண் தரை இல்லை. உள் அரங்கு, ரப்பர் விரிப்பு, எல்லோருக்கும் ஷூ. எங்கள் பிரிவில் மூன்று ஆட்டம். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் தோற்றோம். இடது மூலையில் கல்லூரிப் பையன். சனிக்கிழமை இரண்டாவது ஆட்டம் தோற்றோம். இடது மூலையில் இரண்டு பேர், மாற்றி மாற்றி. அதோடு எங்கள் கதை முடிந்தது. மூன்றாவது ஆட்டத்தை ஜெயித்தாலும் அடுத்த சுற்று இல்லை. பை என் தோளில்தான் இருந்தது. பட்டி பைக்குள்தான் இருந்தது.

ஆள் எடுக்க வந்தவர் இரண்டு நாளும் எதிர்ப்பக்க நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். எங்கள் ஆட்டத்தின்போது போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆட்டம். பாதி ஆட்டத்தில் பதினொரு பாயிண்ட் பின்னால். இடைவேளை விசில் ஊதினார்கள். பையன்கள் வந்து பெஞ்சில் விழுந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவன் வழக்கம்போல வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தான். கடைசியில் எனக்கு நீட்டினான். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"உக்காரு" என்றேன்.

புரியாமல் நின்றான். சாகுல் எழுந்து இடம் விட்டான். அவன் உட்கார்ந்தான்.

பையிலிருந்து பட்டியை எடுத்தேன். அவனுக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது. முகம் என்னவோ ஆனது, நான் பார்க்கவில்லை. நான் முட்டி போட்டேன். முட்டி மடங்கியது. வலி ஒன்றும் இல்லை. அவன் காலைத் தூக்கி என் தொடைமேல் வைத்தேன். கால் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆடாத" என்றேன்.

நின்றது.

மூன்று சுற்று. முடிச்சு உள்பக்கம். வெளிப்பக்கம் போட்டால் அடுத்தவன் விரல் சிக்கும். எனக்குக் கட்டிவிட்டவரும் அப்படித்தான் சொன்னார். துணியில் சோப்பு வாசம் வந்தது, எங்கள் வீட்டுச் சோப்பு. முடிச்சை இறுக்கியதும் அவன் குனிந்து, "அப்பா..." என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தான். விசில் ஊதிவிட்டது.

இறங்கினான். எதிரணிக்காரன் பழைய நினைப்பில் நேரே அந்த மூலைக்கே வந்தான். வந்த காலை எடுக்க முடியவில்லை. அடுத்தவனும் வந்தான். அவனும் அப்படியே. கூட்டத்தில் ஒருவன், "ஏய், டோல்கேட்டு போட்டுட்டாங்கடா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்கு ஊர் அதே பேச்சு. ஒரு கட்டத்தில் எங்கள் பக்கம் மூன்று பேர்தான் மிச்சம். அவன் பிடித்தான். சாகுல் மேலே விழுந்தான். மூன்று பேர் நிற்கும்போது பிடித்தால் இரண்டு பாயிண்ட். பதினொன்று ஒன்பதாயிற்று, ஆறாயிற்று, ஒன்றாயிற்று.

கடைசி ரெய்டு. எதிரணியின் பெரிய ஆள் பாடி வந்தான். பிடித்தால் சமன். மூலையிலிருந்து அவன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டான். நல்ல பிடி. இழுத்துக்கொண்டே இரண்டு பேரும் விழுந்தார்கள். பெரிய ஆளின் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டிருந்தது, அதனால் பாயிண்ட் அவர்களுக்கு. நடுவர் கையைத் தூக்கினார். தோற்றோம்.

ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் மாநிலப் போட்டியிலிருந்து வந்தது என் காலத்தில் இதுதான் முதல்.

தங்கப்பன் சார் ஸ்கோர் மேசைப் பக்கம் போயிருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் விரிப்பைச் சுற்றி என்னிடம் வந்தார்.

"பெரியவரே, நீங்கதான் மேனேஜரா?"

"ஆமா."

"இப்படி ஒரு லெஃப்ட் கார்னர வச்சுக்கிட்டு ரெண்டு மேட்சு பெஞ்சுல உக்கார வச்சிருக்கீங்க! என்ன பிரச்சனை? காயமா?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"சரி, பேரு என்ன அவன் பேரு?"

வாய் திறந்தது. வரவில்லை. கீழே வைத்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். அடுத்த ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு கார்டை எடுத்து என் கையில் வைத்து, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள பேரும் பொறந்த தேதியும் சொல்லி இந்த நம்பருக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. அதுக்கப்புறம் லிஸ்ட் மூடிருவோம்."

சட்டைப் பையில் வைத்தேன்.

பஸ்ஸில் அவன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து தூங்கினான். ஒரு காலை வழியில் நீட்டியிருந்தான். பட்டியோடு.

வைகாசி 14, செவ்வாய்

தோப்பில் கிடக்கும் மரத்தைக் கரையான் பிடித்திருக்கிறது.

வைகாசி 15, புதன்

சங்கத்திலிருந்து ஆள் வந்து விசிலையும் பந்தல் சாமான் சாவியையும் வாங்கிப் போனான். நல்ல மரியாதையாகத்தான் கேட்டான். விசிலைத் துடைத்துக் கொடுத்தேன். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வளர்மதி கார்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தானாகக் கேட்கிற பெண் இல்லை. எழுதினது அவள்தானே.

வைகாசி 16, வியாழன்

காலையில் துணி துவைக்கும் கல்லிலிருந்து வளர்மதி கூப்பிட்டாள். என் சட்டையைத் தண்ணீரில் போடும் முன் பையில் கை விட்டிருக்கிறாள். கார்டு அவள் கையில் இருந்தது.

"தங்கப்பன் சார்கிட்டக் குடுத்திருப்பீங்கன்னுல்ல நெனச்சேன். இன்னும் இங்கயேவா இருக்கு?"

"முப்பத்தொண்ணுன்னு சொன்னாரே, அது என்னைக்கு வருது?"

"நாளைக்கு மாமா."

கல்லின் மேல் உட்கார்ந்தாள். சோப்பு நுரை கையில் வழிந்தது. "நாளைக்கு" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

நான் தோப்புக்குப் போனேன். மரத்தைச் சுற்றி வந்தேன். திரும்பி வந்தபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டையும் போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் இல்லை. பகல்.

"சொல்லுங்க" என்றாள்.

சொல்கிறேன். எனக்குத் தனியாக ஒரு பெயர் வராது. வரிசையாகச் சொன்னால்தான் வரும். எழுது.

எங்கள் மாவட்டத்துக்கு இடது மூலையில் முதலில் நின்றவர் மேலத்தெரு அடைக்கலம். அவர் காலத்தில் சுண்ணாம்புக் கோடு கிடையாது, குதிகாலால் இழுத்ததுதான் கோடு. காமாலையில் போனார். அடைக்கலம் கட்டிவிட்டது வைரக்கண்ணுவுக்கு. வைரக்கண்ணு மலேயாவுக்குக் கப்பல் ஏறுகிற அன்று நாகப்பட்டினம் துறைமுகத்தில் வைத்துக் கட்டிவிட்டுப் போனார், அங்கேயே முடிந்தார். அவர் கட்டிவிட்டது மல்லிப்பட்டினம் சேவியருக்கு. முடிச்சு உள்பக்கம் என்று சொல்லி எனக்குக் கட்டிவிட்டவர் சேவியர். முந்தின பெரும்புயலில் கடலுக்குப் போனவர் வரவில்லை. என் காலிலிருந்து அவிழ்த்து நான் கட்டிவிட்டது பூண்டி கோவிந்தராசுவுக்கு. அவனுக்குச் சர்க்கரை, முந்தின தையில் அந்தக் காலையே எடுத்தார்கள், அப்படியும் பிழைக்கவில்லை. கோவிந்தராசு கட்டிவிட்டது என் மகன் இளஞ்செழியனுக்கு. இளஞ்செழியன் கார்த்திகை ஒன்பதில் போனான். அவன் காலில் இருந்ததை நான் கட்டிவிட்டேன், சேலத்தில், இடைவேளையில்.

இதில் இன்று உயிரோடு இருப்பது நான். எனக்கு அப்புறம் ஒருவன். போனில் சொல்லும்போது எழுத்துத் தப்பு வரக் கூடாது, நிதானமாக எழுது.

சாமிக்கண்ணு மகன் கலைவேந்தன்.